வீட்டிற்கும் வயலுக்கும் ஆபத்தான மரங்களைத் தறித்து அகற்றும் முறைகள்

வன்னிப் பெருநிலம் காட்டின் நடுவே குளங்கட்டி, அக்குளத்தின் கீழ் வயல் திருத்தி உண்டாக்கப்பட்ட நாடாகும். பாலை, முதிரை, வீரை, மருது, இலுப்பை ஆகிய மரங்களின் அயலிலேயே வயலும் தோட்டமும் அமைந்திருத்தலின், மரத்தைப் பேணவும் வேண்டியவிடத்துத் தறிக்கவும் இங்குள்ள கமக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆயினும் இக்காலத்தில் வன்னியில் மரந்தறித்தல் முன்னோர் செய்த அதே வேலையன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாக மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மீளக் குடியேறியோர் தம் வளவுகளிலும் வயல்களிலும் மூன்று வகையான மரங்களைக் கண்டனர். ஆளற்ற காலத்தில் வரம்பிலும் வாய்க்காலிலும் தாமே முளைத்துப் பெருத்தவை ஒருவகை. எறிகணையாற் தலையிழந்து நின்ற தென்னையும் பனையும் இரண்டாவது வகை. வெளியே பசுமையாகத் தோன்றினும் உள்ளே இரும்புத் துண்டுகளைத் தாங்கி நின்றவை மூன்றாவது வகை. இம்மூவகை மரங்களையும் அகற்றுவதற்கு வெவ்வேறு முறைகள் உள. முறையறியாது கோடாலியை ஓங்குவோர் தம் உயிரையோ, அயலார் உயிரையோ இழக்க நேரிடும். அவற்றை வரிசையாக விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

எம்மரத்தை அகற்றுதல் வேண்டும்?

நிழல் விழுகின்றது என்னும் ஒரு காரணம் பற்றி முழுமரத்தையும் தறித்தல் நன்றன்று. மிளகாய், கத்தரி, வெங்காயம் முதலிய பயிர்களுக்கு வெயில் தேவையாயின், பெரும்பாலும் தாழ்ந்த கொப்புகளைக் களைவதே போதியதாகும். கிளிசரியா வேலியை வேரோடு அகற்றுதலிலும், கொப்புகளை வெட்டி வயலுக்குப் பசளையாக இடுதலே இலாபம் தரும். ஆற்றங்கரை மருதுகள் கரையைக் காத்து நிற்பன. அவற்றைத் தொடுதல் ஆகாது.

பின்வரும் குறிகளுள் ஒன்றேனும் காணப்படும் மரம், வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், பாதை, மின்கம்பி ஆகியவற்றின் அருகில் நிற்குமாயின், அதனை ஆபத்தான மரமெனக் கொள்ளல் வேண்டும்.

1. முன்பு நேராக நின்ற மரம் அண்மைக் காலத்திற் சாய்ந்திருத்தல். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நிலம் மேலெழுந்து வெடித்திருத்தல்.

2. அடிமரத்தில் அல்லது வேர்களிற் காளான் முளைத்திருத்தல்.

3. கோடாலியின் பின்புறத்தால் தட்டும்போது வெற்றுப் பீப்பாயைத் தட்டினாற்போல் ஓசையெழுதல். இது உட்பகுதி உக்கியதைக் காட்டும்.

4. இரு கவர்கள் பிரியுமிடத்தில் நெடிய வெடிப்பு இருத்தல்.

5. உச்சிக் கொப்புகள் இலையின்றிப் பட்டுப்போதல், அல்லது அடியிற் கறையான் புற்று ஏறியிருத்தல்.

6. தென்னை, பனை ஆகியன வட்டிழந்து வெறுந்தண்டாக நிற்றல்.

மரத்திற்கு முன் நிலத்தைப் பார்த்தல்

வன்னியில் மரந்தறிக்கச் செல்வோர் முதலிற் பார்க்க வேண்டியது மரத்தையன்று, மரம் நிற்கும் நிலத்தையாகும். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் இணைந்தது. அதன்படி வெடிகளை அகற்றி முடிப்பதற்கு 2028ஆம் ஆண்டு யூன் மாதம் எல்லையாகக் குறிக்கப்பட்டது. பெரும்பரப்பான நிலம் துப்புரவாக்கப்பட்டு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எனினும் கண்ணிவெடி அகற்றுவோரால் ஆராயப்பட்ட நிலம் வேறு, எவரும் ஆராயாத பற்றைக்காடு வேறு. வளவு துப்புரவாக்கப்பட்டது என்பதனால் அதன் பின்னாலுள்ள காடும் துப்புரவானது எனக் கொள்ளுதல் தவறு.

பழைய மண்ணணைகளின் ஓரம், இடிந்த பதுங்குகுழிகளின் வாய், காவலரண் இருந்த இடம் ஆகியவற்றில் நிற்கும் மரத்தை அணுகுதற்கு முன், அந்நிலம் ஆராயப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் உசாவுதல் வேண்டும். சிவப்புப் பலகையும் மண்டையோட்டுக் குறியும் உள்ள எல்லையைக் கடத்தல் ஆகாது. பலகை காணப்படாமையால் ஆபத்து இல்லையென்று எண்ணுதலும் ஆகாது. பலகைகள் காற்றிலும் மழையிலும் விழுந்திருக்கக் கூடும்.

வேர் தோண்டும்போது உலோகப் பொருளொன்று தென்படின், அதனைத் தொடாமலும் அசைக்காமலும், வந்த வழியிலேயே திரும்பிச் சென்று, அவ்விடத்தைத் தூரத்தில் நின்று அடையாளமிட்டுப் பொலிசாருக்கு 119 என்னும் இலக்கத்தில் அறிவித்தல் வேண்டும். ஆராயப்படாத நிலத்திற் பற்றைகளுக்குத் தீ மூட்டுதலை அறவே தவிர்க்க. மண்ணுள் மேலோட்டமாகப் புதைந்த வெடிபொருள் வெப்பத்தால் வெடித்தல் கூடும். குப்பை கூட்டி எரிக்கும் சிறுவேலையிலும் இவ்வெச்சரிக்கை தேவை.

அனுமதி பெறுதல்

தன் வளவில் நிற்கும் மரமாயினும் சிலவற்றைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் (கட்டுப்படுத்தல்) சட்டம், பலா, பனை முதலிய பயன்மரங்களைத் தறிப்பதைக் கட்டுப்படுத்துகின்றது. வீட்டின்மேல் விழக்கூடிய நிலையிலுள்ள பனையாயினும், கிராம அலுவலர் வாயிலாகப் பிரதேச செயலகத்திற்கு விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே தறித்தல் முறையாகும். அரச காணியிலும் காட்டெல்லையிலும் நிற்கும் மரங்கள் வனபரிபாலனத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை. குளக்கட்டில் நிற்பவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அல்லது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை. தறித்த மரத்தை வளவிலிருந்து வெளியே ஏற்றுவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. இயந்திரவாளால் அறுக்க ஆளமர்த்தும்போது, பதிவு செய்த வாள் வைத்திருப்பவரையே அமர்த்துதல் வேண்டும்.

ஏற்ற காலம்

காலபோக அறுவடை முடிந்த பின், மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்குச் சிறந்தன. அப்பொழுது நிலம் உலர்ந்திருக்கும், காற்று மெலிந்திருக்கும், கமக்காரருக்கும் ஓய்வு கிடைக்கும். வைகாசி தொடங்கிச் சோளகக்காற்று வலுப்பெறும். உயர்ந்த மரங்களின் உச்சி அசையும் காற்றில் எவரும் மரந்தறித்தல் ஆகாது. நினைத்த திசைக்கு எதிராக மரம் விழும். மாசி, பங்குனியிற் செய்யத் தவறியவர்கள் ஆவணி, புரட்டாதியிற் காற்றடங்கிய காலைப்பொழுதிற் செய்யலாம்.

ஐப்பசி தொடங்கிய பின் செய்வோமெனப் பின்போடுதல் பெருந்தவறு. மழையில் நிலம் ஊறியதும் வேர்ப்பிடி தளரும். வன்னியைத் தாக்கிய சூறாவளிகள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியிலேயே வந்தவை. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்த சூறாவளியும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நிசாவும், 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரவியும் இதற்குச் சான்றாகும். ஆபத்தான மரத்தை மழைக்கு முன் மனிதன் விழுத்தாவிடின், மழையில் அது தான் நினைத்த இடத்தில் விழும்.

கருவிகளும் ஆட்களும்

கூரிய கோடாலி, காட்டுக்கத்தி, இருவர் இழுக்கும் வாள் அல்லது இயந்திரவாள், வைரமரத்தாற் செய்த ஆப்புகள் மூன்று, அவற்றை அடிக்கச் சம்மட்டி, மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள வலிய கயிறு, அலவாங்கு, மண்வெட்டி ஆகியன வேண்டும். இயந்திரவாளின் அருகில் இரும்பு ஆப்பைப் பயன்படுத்தல் ஆகாது. வாளின் சங்கிலி அதிற் பட்டு அறும். தலைக்கவசம், கண்ணாடி, மூடிய சப்பாத்து ஆகியவை இன்றி வேலையைத் தொடங்குதல் கூடாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டும், வெறுங்காலுடனும் வாள் பிடித்தல் வழக்கமாயினும், அது தீய வழக்கமாகும்.

தனியாளாக மரந்தறித்தல் ஒருபோதும் ஆகாது. அறுப்பவர் ஒருவர்; மரத்தின் உச்சியையும் காற்றையும் பார்த்து எச்சரிப்பவர் மற்றொருவர். இவ்விருவரையும் தவிர்ந்த யாவரும், குறிப்பாகச் சிறுவரும் கால்நடைகளும், மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்கு அப்பால் நிறுத்தப்படல் வேண்டும்.

உயரத்தை அளத்தல்

மரம் வீட்டை எட்டுமா எட்டாதா என்பதைக் கண்மதிப்பால் தீர்மானித்தல் பல கூரைகளை உடைத்துள்ளது. ஏறாமலே உயரத்தை அளக்க எளிய முறையொன்று உண்டு. நேரான தடியொன்றை எடுத்துக் கையை முன்னே நீட்டி நிமிர்த்திப் பிடிக்க. கண்ணிலிருந்து கைப்பிடி வரையுள்ள தூரமும், பிடிக்கு மேலுள்ள தடியின் நீளமும் சமமாயிருத்தல் வேண்டும். பின்னர், சமதரையில் மரத்திலிருந்து பின்னோக்கி நடந்து, மரத்தின் அடி கைப்பிடிக்கு நேராகவும் உச்சி தடியின் நுனிக்கு நேராகவும் தோன்றுமிடத்தில் நிற்க. நின்றவிடத்திலிருந்து மரத்தடி வரையுள்ள தூரமே மரத்தின் உயரமாகும். மரம் விழும் திசையில் அத்தூரத்திற்கும் மேலதிகமாகப் பத்து அடியேனும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். இல்லையேல் அடியிலிருந்து தறித்தல் ஆகாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குதல் வேண்டும்.

மின்கம்பியை எட்டக்கூடிய மரமாயின், மின்சார அலுவலகத்திற்கு அறிவித்து, அவர்கள் மின்னைத் துண்டித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பச்சைக் கொப்பும் நனைந்த கயிறும் மின்னைக் கடத்தும் என்பதை மறத்தல் ஆகாது.

தறிக்கும் முறை

முதலில் அடிமரத்தைச் சுற்றியுள்ள பற்றையை வெட்டித் துப்புரவாக்குக. பின்னர் தப்பிச்செல்லும் வழிகள் இரண்டு அமைத்தல் வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் எதிரே ஓடுதல் ஆபத்து. அடிமரம் பின்னோக்கி உதைக்கும். ஆதலால் பின்புறத்தில் இடச்சாய்வாக ஒன்றும் வலச்சாய்வாக ஒன்றுமாக வழிகளைத் துப்புரவாக்குக.

தறித்தல் மூன்று படிகளையுடையது. அவை முன்வெட்டு, பிணைச்சல், பின்வெட்டு என்பன.

முன்வெட்டு, மரம் விழ வேண்டிய பக்கத்தில் இடப்படுவது. முதலில் மேலிருந்து சரிவாகவும், பின்னர் அதனைச் சந்திக்குமாறு கிடையாகவும் அறுத்து, ஆப்பு வடிவமான துண்டை எடுத்துவிடுதல் வேண்டும். இதன் ஆழம் மரத்தின் விட்டத்தில் நாலிலொன்றுக்கு மேற்படல் ஆகாது. பின்வெட்டு, எதிர்ப்பக்கத்தில், முன்வெட்டின் கிடைமட்டத்திற்கு ஓரிரண்டு அங்குலம் மேலாக இடப்படுவது. இவ்விரு வெட்டுகளுக்கும் நடுவே அறுபடாமல் விடப்படும் மரப்பட்டையே பிணைச்சலாகும். கதவைப் பிணைச்சல் தாங்கித் திருப்புவதுபோல், இது விழும் மரத்தைத் தாங்கிக் குறித்த திசைக்குத் திருப்பும். பிணைச்சலையும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையிலும் விழலாம். வன்னியில் மட்டுமன்றி எந்நாட்டிலும் மரந்தறிப்போர் இறப்பதற்கு இப்பிழை பெருங்காரணமாகும்.

எடுத்துக்காட்டாக, 63 அங்குலச் சுற்றளவுள்ள வேம்பொன்றைத் தறிக்க வேண்டுமெனக் கொள்வோர், அச்சுற்றளவை 7 ஆற் பெருக்கி 22 ஆற் பிரித்தால் விட்டம் ஏறக்குறைய 20 அங்குலம் எனக் காண்பர். முன்வெட்டின் ஆழம் 5 அங்குலம். பிணைச்சலின் தடிப்பு விட்டத்திற் பத்திலொன்று, அதாவது 2 அங்குலம். எஞ்சிய 13 அங்குலமே பின்வெட்டின் ஆழமாகும். அறுப்பதற்கு முன்பே இவ்வளவுகளைச் சுண்ணாம்பால் மரத்திற் குறித்துக்கொள்ளல் நன்று.

பின்வெட்டுச் சிறிது உட்சென்றதும் ஆப்பைச் செருகி அடிக்க. இது வாள் இறுகாமற் காப்பதோடு மரத்தைக் குறித்த திசைக்குத் தள்ளவும் செய்யும். மரம் அசையத் தொடங்கியதும் வாளை விட்டுவிட்டு முன்னரே அமைத்த வழியால் விலகி, கண்ணை உச்சியிலேயே வைத்துக்கொண்டு நிற்றல் வேண்டும். மரம் நிலத்திற் பட்ட உடனே அருகிற் செல்லல் ஆகாது. அயல்மரங்களிற் சிக்கிய முறிந்த கொப்புகள் சிறிது பொறுத்தே விழும்.

மிகச் சாய்ந்த மரத்தை இம்முறையால் தறித்தல் கூடாது. பின்வெட்டு முடியுமுன் அடிமரம் நெடுகப் பிளந்து, பின்னோக்கி எழும்பி, அறுப்பவரைத் தாக்கும். இத்தகைய மரத்தின் பாரத்தை முதலில் உச்சிக் கொப்புகளைக் களைந்து குறைத்தல் வேண்டும். கைதேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கயிற்றின் உதவி

கயிற்றை மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்திற் கட்டுதல் வேண்டும். அடியிற் கட்டிய கயிற்றுக்கு வலுவில்லை. இழுப்போர் மரம் விழும் திசையில் நேராக நிற்பாராயின், மரத்தின் உயரத்திலும் ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்றல் வேண்டும். அத்துணை இடமில்லையேல், எதிரேயுள்ள உறுதியான மரமொன்றின் அடியிற் கப்பியைக் கட்டிக் கயிற்றை அதன்வழியே பக்கவாட்டிற் கொண்டுசென்று இழுக்கலாம். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளல் ஒருபோதும் ஆகாது.

தலையிழந்த தென்னையும் பனையும்

வட்டிழந்த தென்னை மீண்டுந் தளிர்க்காது. அதன் தண்டு உச்சியிலிருந்தே உக்கத் தொடங்கும். புறத்தே உறுதியாகத் தோன்றினும், மேற்பாகம் ஏறுபவரின் பாரத்தைத் தாங்காது. ஆதலால் மரமேறுவதில் எத்துணைத் திறமையுடையவராயினும், பட்ட தென்னையிலும் பட்ட பனையிலும் ஏறவிடுதல் ஆகாது. கோடாலி படும் அதிர்ச்சியில் உச்சித்துண்டு உடைந்து நேரே கீழே விழுதலும் உண்டு. ஆகையால் கோடாலியை விடுத்து வாளையே பயன்படுத்துதல் வேண்டும்.

தென்னை, பனை ஆகியன ஏனைய மரங்களைப்போல் நடுவில் வைரமுடையனவல்ல. அவற்றின் வலிமை புறத்தேயுள்ள நார்களில் உள்ளது; அகம் மென்மையானது. அதனால் இவற்றிற் பிணைச்சல் நம்பத்தக்கதன்று, கயிறு இன்றியமையாதது. ஏறாமற் கயிறு கட்டுவதற்கு, மெல்லிய நூற்கயிற்றின் நுனியிற் சிறு பாரத்தைக் கட்டி, மரத்தின் மேல்மட்டத்தை உராயும் ஏணி மூங்கிலால் அல்லது கவண்டியால் சுற்றிவளைத்து, அதன்பின் பெருங்கயிற்றை ஏற்றலாம். வீட்டோடு ஒட்டி நிற்கும் பட்ட தென்னைக்குப் பாரந்தூக்கி இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தலே தக்கது. அச்செலவு கூரையின் விலையிலும் குறைந்ததே, உயிருக்கோ விலையில்லை.

விழுத்திய தண்டை வளவிற் கிடக்கவிடுதல் ஆகாது. உக்கும் தென்னந்தண்டிற் கருவண்டின் புழுக்கள் பெருகி, அயலிலுள்ள இளந்தென்னைகளைக் கெடுக்கும். தண்டைத் துண்டாக்கிப் பிளந்து விறகாக்குதல் அல்லது துப்புரவான வெட்டவெளியில் எரித்தல் வேண்டும்.

இரும்புத்துண்டு பாய்ந்த மரங்கள்

போர் நிகழ்ந்த இடங்களில் நின்ற மரங்களுட் பல எறிகணைச் சிதறல்களையும் துப்பாக்கிச் சன்னங்களையும் உட்கொண்டுள்ளன. காலப்போக்கிற் பட்டை மூடி வளர்ந்துவிடுதலால் அவை வெளியே தெரியா. பட்டையிற் கட்டிபோன்ற வீக்கம், ஒழுங்கற்ற வடு, மரத்தினுள் கறுத்த கறை ஆகியவை அவற்றின் குறிகளாம். இயந்திரவாளின் சங்கிலி இரும்பிற் பட்டால் அறுந்து பறக்கும். வாள் திடீரெனப் பின்னெழுந்து முகத்தைத் தாக்கும்.

ஆகையால், போர்க்காலத்திற்கு முந்திய முதுமரத்தைத் தறிப்போர், அறுக்குமிடத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கிப் பார்த்தல் வேண்டும். ஐயத்திற்கிடமாயின் வடுவிலிருந்து விலகி வேறு மட்டத்திற் கைவாளால் மெல்ல அறுத்தல் வேண்டும். வெடிக்காத பொருளொன்று கொப்பிடுக்கிலோ பொந்திலோ தங்கியிருத்தல் கண்டால் மரத்தைத் தொடாது விலகிப் பொலிசாருக்கு அறிவிக்க.

இத்தகைய மரத்தை மரக்காலைக்கு விற்போர் அதன் வரலாற்றை மறைத்தல் ஆகாது. மறைத்து விற்ற குற்றியில் வாள் உடைந்து தெறிக்கும்போது காயப்படுபவர் அங்கு கூலிக்கு நிற்கும் தொழிலாளியே. விலை சிறிது குறைந்தாலும் உண்மையைச் சொல்லி விற்றலே முறை.

குளக்கட்டிலும் வாய்க்காலிலும் நிற்பவை

குளக்கட்டிற் பெருமரம் நிற்றல் தீதென்பதை யாவரும் அறிவர். காற்றில் மரம் சாயும்போது வேரோடு மண்ணும் பெயரும். பட்ட வேர் உக்கியபின் அவ்வழியே நீர் கசியும். ஆயினும் கமக்காரர் தாமாகவே கட்டிலுள்ள பெருமரத்தைத் தறித்துவிட்டு அடிக்கட்டையை விட்டுவிடுதல் அதனினுந் தீது. தறித்த மரத்தின் வேர் இரண்டொரு ஆண்டில் உக்கிக் கட்டினூடே குழாய்போன்ற வழியை ஆக்கும். 2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளத்தைக் கண்டோருக்குக் கட்டின் உறுதி எத்துணை வேண்டுமென்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கட்டில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் சிரமதானத்தில் வேரோடு பிடுங்கிவிடுதல் கமக்காரர் அமைப்பின் கடமையாகும். பெருத்துவிட்ட மரமாயின் கமநல சேவை நிலையத்திற்கு அல்லது நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். குளத்தில் நீர் வற்றிய ஆவணி, புரட்டாதியில் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்து, நல்ல களிமண்ணை மெல்லிய படைகளாக இட்டு ஈரமாக்கி இடித்து இறுக்குதல் அவர்கள் மேற்பார்வையிலேயே நடைபெறல் வேண்டும்.

வாய்க்காலோரத்து மரங்களை நீர் விடாத காலத்தில் தறித்தல் நன்று. விழுந்த கொப்புகளை அன்றே அகற்றாவிடின் அடுத்த நீர்முறையில் வாய்க்கால் உடைக்கும்.

சிக்கிய மரமும் சூறையில் விழுந்த மரமும்

தறித்த மரம் அயல்மரத்திற் சிக்கிக்கொள்ளின், அதன்மேல் ஏறுதலும், தாங்கி நிற்கும் மரத்தைத் தறித்தலும், அதன்கீழ் நின்று வேலை செய்தலும் மரணத்தை அழைத்தலாகும். அடியிற் சங்கிலி கட்டி, நீண்ட கயிற்றால் தூரத்தில் நின்று உழவு இயந்திரத்தால் பின்னோக்கி இழுத்தல் வேண்டும். அதுவரை அவ்விடத்திற்கு எவரையும் விடுதல் ஆகாது.

வேரோடு சாய்ந்த மரத்தின் அடியிற் பெருங்குழி தோன்றும். தண்டை அறுத்ததும் பாரம் நீங்கிய வேர்ப்பந்து மீண்டும் எழுந்து குழிக்குள் அமர்தல் உண்டு. அறுக்கும்போது குழிக்குள் எவரும் இல்லையென்பதை உறுதிசெய்தல் வேண்டும். சிறுவர் அக்குழியில் விளையாடுதல் வழக்கம்.

இருமுனையும் தாங்கப்பட்டு நடு தொங்கும் தண்டை முதலில் மேலிருந்து மூன்றிலொரு பங்கு அறுத்து, எஞ்சியதைக் கீழிருந்து அறுக்க. ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை தொங்குமாயின், முதலிற் கீழிருந்து மூன்றிலொரு பங்கும், பின்னர் மேலிருந்தும் அறுக்க. இம்முறை மாறின் வாள் இறுகும்; அல்லது தண்டு பிளந்து தாக்கும்.

அடிக்கட்டையை அகற்றுதல்

அடிக்கட்டையையும் பிடுங்க எண்ணுவோர் மரத்தை நிலத்திலிருந்து மூன்று, நாலு அடி உயரத்தில் தறித்தல் வேண்டும். நீண்ட கட்டை நெம்புகோல்போல் உதவும். சுற்றிலும் தோண்டிப் பக்கவேர்களை அறுத்த பின்னரே இழுத்தல் வேண்டும். உழவு இயந்திரத்தில் இழுக்கும்போது, பின்னாலுள்ள தாழ்ந்த கொளுவியிலேயே சங்கிலியைப் பூட்டுதல் வேண்டும். அச்சுக்கு மேலாகப் பூட்டினால், கட்டை அசையாதவிடத்து இயந்திரத்தின் முன்பாகம் எழும்பி, ஓட்டுநர்மேற் கவிழும். இரண்டு சில்லு உழவு இயந்திரம் இவ்வேலைக்கு ஏற்றதன்று. இழுக்கும் சங்கிலியின் நீளத்திற்கு மேலான தூரத்தில் ஏனையோர் நிற்றல் வேண்டும்.

கிளிசரியா, இபில்-இபில், வேம்பு ஆகியவற்றின் அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். தளிரை இரண்டு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை தொடர்ந்து களைந்துவந்தால் வேரிலுள்ள உணவு தீர்ந்து கட்டை பட்டுவிடும். தளிர்களை ஆட்டிற்கும் மாட்டிற்கும் தீனியாக அல்லது பசளையாகப் பயன்படுத்தலாம். கழிவெண்ணெயும் உப்பும் ஊற்றுதல் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுப்பதால் அதனைத் தவிர்க்க.

பிற ஆபத்துகள்

முல்லைத்தீவின் களப்போரங்களில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் கடுமையாக எரிந்து பார்வையைக் கெடுக்கும். அம்மரத்தைக் கண்ணாடி அணியாது வெட்டுதலும், அதன் விறகை எரித்துப் புகையில் நிற்றலும் ஆகாது. பால் பட்டால் நிறைந்த நன்னீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்க.

பொந்துள்ள மரத்திற் குளவிக்கூடோ பெருந்தேனீக்கூடோ உளதாவென முதலில் நோக்குக. விறகுக் குவியலிலும் உக்கிய கட்டையிலும் புடையனும் சுருட்டையும் தங்கும். கையை நேரே நுழைக்காது தடியால் புரட்டிப் பார்க்க.

வெட்டுக்காயம் நேரின், துப்புரவான துணியால் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருத்தல் வேண்டும். மரத்தின் கீழ் அகப்பட்டவரையும் உயரத்திலிருந்து விழுந்தவரையும் அவசரத்தில் தூக்கி இழுத்தல் முள்ளந்தண்டைக் கெடுக்கும். 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைத்து, அவரை அசையாது வைத்திருத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன்பே கைத்தொலைபேசி அவ்விடத்தில் இயங்குகின்றதா எனப் பார்த்துக்கொள்ளல் நன்று.

ஈடுசெய்தல்

மரத்தை அகற்றிய வளவிற் காற்று நேரே வீட்டையும் தோட்டத்தையும் தாக்கும். வெயில் கிணற்று நீரைக் குறைக்கும். ஆதலால் ஒரு மரத்தைத் தறித்தவர் ஐப்பசி மழையோடு இரு கன்றுகளேனும் நடுதல் வேண்டும். மரம் முற்றி வளரும்போது எய்தும் உயரத்தை எண்ணி, அத்துணைத் தூரத்தில் வீட்டையும் கிணற்றையும் விட்டு நடுக. வேலியோரங்களிற் பூவரசு, கிளிசரியா ஆகியன பசளையும் தடியும் தரும். வயலின் தென்மேற்கில் நிற்கும் வேம்பு, சோளகக்காற்றைத் தடுத்துச் சிறுபோகப் பயிரைக் காக்கும்.

மரந்தறித்தல் ஒருநாள் வேலை. அதனை அளந்து, கேட்டு, காலம் பார்த்துச் செய்தல் ஒருவார வேலை. அந்த ஒருவாரத்தைச் செலவிட மனமில்லாதார் ஆண்டுமுழுதும் வருந்த நேரிடும். போரைக் கடந்து மீண்டும் வேரூன்றிய குடும்பங்களில் உழைப்பாளி ஒருவரை மரத்தின்கீழ் இழத்தல் எவராலும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதியிலுள்ள விவசாயப் போதனாசிரியரையோ, கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.